இரண்டு பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம்

அந்த வருடம் எங்கள் பள்ளியில் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஏழு பேர். மூன்றாம் வகுப்பில் யாருமே இல்லை. இன்னொரு ஆசிரியரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். தலைமையாசிரியை, ஆசிரியை, மணி அடிப்பவள், பூட்டுத் திறப்பவள் எல்லாம் நான்தான். துணைக்குச் சத்துணவு சமைக்கும் அம்மா ஒருவர் இருந்தார். அவருடைய மகள் நான்காம் வகுப்பில் படித்தாள்.

ஊர், திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் வழியில், பெரிய சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். நான் வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடியிருந்தேன். காலையில் பஸ் பிடித்து, சாலைமுனையில் இறங்கி, நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்து போவேன். பௌர்ணமியன்று பஸ்ஸை வேறு வழியாகத் திருப்பிவிடுவார்கள். அன்று எனக்கும் தாமதமாகும், பிள்ளைகளிலும் இரண்டு பேர் வர மாட்டார்கள். அவர்களுடைய அப்பா அம்மா அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் கடை போடப் போயிருப்பார்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போய்விடுவார்கள்.

மே மாத வெயிலில் சமையல் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். புதிதாக இரண்டு பிள்ளையாவது சேர்க்க வேண்டும் என்று. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மகனுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. புத்தகம், சீருடை, முட்டை என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில் கேட்டாள்.

"உங்க பையன் எங்க டீச்சர் படிச்சாரு?"

"டவுன்ல."

"டவுன்ல எந்த ஸ்கூலு?"

பெயரைச் சொன்னேன். அவள் காலால் கடலையைப் பரப்பிவிட்டுக்கொண்டே, "அந்த ஸ்கூலு வேன்தான் எங்க வீட்டாண்டயும் வருது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பி நடக்கும்போது சமையல் அம்மா, "விடுங்க டீச்சர், வெயில் ஜாஸ்தியா இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் மாதம் ஒரு செய்தி வந்தது. மாவட்டத்தின் பழைய பள்ளிக்கூடங்களின் வரலாற்றைத் தொகுத்து ஒரு நூல் போடப் போகிறார்களாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அமைத்த குழு அது. ஒவ்வொரு பள்ளியும் தன் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதி, ஒரு புகைப்படத்தோடு அனுப்ப வேண்டும். பள்ளி எங்கே தொடங்கியது, இடம் யார் கொடுத்தது, கட்டடம் எப்போது வந்தது என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு உற்சாகமாக இருந்தது. ஏழு பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிற பள்ளிக்கு ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கம் கிடைப்பது சின்ன விஷயமா? புத்தகத்தில் பேர் வந்துவிட்டால் அதை அவ்வளவு சுலபமாக மூடிவிட மாட்டார்கள் என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

அலுவல் அறையில் ஒரு பழைய இரும்புப் பெட்டி இருந்தது. அதன் சாவி எனக்கு முன்பு இருந்தவர்கள் காலத்திலேயே தொலைந்துபோயிருந்தது. ஒரு சனிக்கிழமை பூட்டை உடைக்க வைத்தேன். உள்ளே சேர்க்கைப் பதிவேடுகள், ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் எழுதிய குறிப்பேடு, பிரம்புத் துண்டு ஒன்று. பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியைக் கூடத்தில் பரப்பி, பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்தேன். தொட்டால் ஓரம் உதிர்ந்தது.

பள்ளி முதலில் நடந்தது ஊர் மாரியம்மன் கோயிலின் முன்மண்டபத்தில். ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி, பிள்ளைகளில் சிலர் மண்டபத்துக்கு உள்ளேயும் சிலர் வெளியே மண்ணிலும் உட்கார்ந்திருந்ததைக் குறித்திருந்தார். எல்லோரையும் உள்ளே உட்கார வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுவருடக் குறிப்பிலும் அதே நிலைமை. அதற்கு அடுத்த குறிப்பில் இடமே மாறியிருந்தது. பள்ளி ஊருக்கு வெளியே, தனி இடத்தில், கீற்றுக் கொட்டகையில் நடப்பதாக இருந்தது. ஏன் மாறியது என்று ஒரு வரிகூட இல்லை.

சமையல் அம்மாதான் அதைச் சொன்னார். பாத்திரம் கழுவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்து வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"வெளிய குந்தினு இருந்ததுல எங்கப்பாவும் ஒருத்தரு டீச்சர். அவரு உயிரோட இருந்தப்போ சொல்லுவாரு. ஆபீசரு வந்து எல்லாரையும் உள்ள குந்த வைன்னு கண்டிசனா சொல்லிட்டாராம். நாங்க கோயிலுக்குள்ள வந்துடக் கூடாது இல்ல? ஊர்ல கூடிப் பேசி, பெரிய வீட்டுக்காரரு இந்த எடத்தக் குடுத்தாரு. எங்கள கோயிலாண்ட வராம பண்றதுக்குக் குடுத்த எடம் இது."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒண்ணு டீச்சர். இங்க வந்தப்புறம் கொட்டாயில எல்லாரும் ஒண்ணாதான் குந்துனாங்களாம். உள்ள வெளியன்னு பிரிக்க அங்க எடம் ஏது?" என்று சிரித்தார். பிறகு, "அத்தயும் எழுதுங்க டீச்சர். எங்கப்பா பேரு வேணாம். நடந்தத எழுதுங்க" என்றார்.

எழுதுகிறேன் என்றேன்.

இடம் கொடுத்தவரின் பேரனைப் பார்க்கப் பெரிய வீட்டுக்குப் போனேன். நாற்பது வயது இருக்கும். புறவழிச்சாலை வந்த பிறகு அந்தப் பக்கம் மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவருடைய அம்மாவிடம் மோர் கொண்டுவரச் சொன்னார்.

"எங்க தாத்தா குடுத்ததுதாங்க மேடம். வாயால சொன்னாரு, குடுத்துட்டாரு. அந்தக் காலத்துல பத்திரம் கித்திரமெல்லாம் ஏதுங்க? ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான்."

தாத்தாவின் புகைப்படம் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். தலைப்பாகை கட்டிய மனிதர், முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கு ஏதாவது தேவையா என்று கேட்டார். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு இல்லை என்றேன். அடுத்த வாரமே ஆள் அனுப்பி இரும்புக் கதவு போட்டுக் கொடுத்தார். நாங்கள் சாக்குத் துணி கட்டி வைத்திருந்த இடம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். முதலில் எழுதியதில் கோயில் மண்டபம், வெளியே மண்ணில் உட்கார்ந்த பிள்ளைகள், அதிகாரியின் கண்டிப்பு, ஊர்க்கூட்டம் எல்லாம் இருந்தன. என் கணவர் வாங்கிப் படித்துப் பார்த்தார்.

"நல்லாதான் எழுதியிருக்க. ஆனா இது எதுக்கு? நாளைக்கு அந்த ஊர்ல போய் நிக்கப் போறது நீதானே? கதவு போட்டுக் குடுத்த மனுசன் இதப் படிச்சா என்ன நெனப்பாரு?"

அவர் சொன்னதால்தான் மாற்றினேன் என்று சொன்னால் அது பொய். எனக்கே அந்த எண்ணம் இருந்தது. மோர் கொடுத்த கை, புதுக் கதவு, கேட்டதும் எடுத்துத் தந்த புகைப்படம். அந்தப் பத்தியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: கல்வியின்பால் கொண்ட பற்றினால் இவ்வூர்ப் பெரியவர் தமக்குச் சொந்தமான இடத்தை, எந்தப் பத்திரமும் இன்றி, வாய்மொழியாகவே மனமுவந்து பள்ளிக்கு வழங்கினார். எழுதி முடித்ததும் நானே ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். எந்தப் பத்திரமும் இன்றி என்ற இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை சமையல் அம்மா கேட்டார். "எழுதிட்டீங்களா டீச்சர்?"

"எழுதிட்டேன்."

"நான் சொன்னதும்?"

"ம்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் போய்விட்டேன்.

குழுவுக்கு அனுப்புவதற்கு முன்பு பெரிய வீட்டுப் பேரன் வந்தார். "தாத்தா பேரு வருதுன்னு சொன்னீங்களே மேடம், எனக்கு ஒரு காப்பி குடுங்க. ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிறேன்" என்றார். முத்திரை வேண்டும் என்று அவர் கேட்காமலே நான் பள்ளி முத்திரையை எடுத்துவிட்டேன். இரண்டு பக்கத்திலும் முத்திரை குத்தி, தலைமையாசிரியை என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பையில் மடித்து வைக்காமல், கசங்கக்கூடாது என்று ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து எடுத்துப்போனார்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பள்ளி இருக்கும் நிலம் தன் கட்சிக்காரருடைய குடும்பச் சொத்து, பட்டா இன்றுவரை அவர்கள் பெயரில்தான் இருக்கிறது, பள்ளிக்கு எழுதிக் கொடுத்ததற்கு ஆவணம் ஏதும் இல்லை, இதைப் பள்ளித் தலைமையாசிரியையே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று அதில் இருந்தது. பின்னால் என் இரண்டு பக்கத்தின் நகல். எந்தப் பத்திரமும் இன்றி என்பதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. நான் முத்திரையை எப்போதும் அழுத்தித்தான் குத்துவேன்.

மேலதிகாரியைப் போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. நோட்டீஸை முழுதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இத உங்கள யாரும்மா எழுதிக் குடுக்கச் சொன்னாங்க?"

"வரலாறு கேட்டாங்க சார்."

"வரலாறு கேட்டா முத்திர குத்தி நெலத்துக்காரர் கையிலயா குடுப்பாங்க?"

அப்போதுதான் நான் மண்டபக் கதையைச் சொன்னேன். அது தானமாக வந்த இடம் இல்லை, அதிகாரி போட்ட உத்தரவுக்காக ஊர் கூடி ஒதுக்கிய இடம் என்று. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எங்கம்மா எழுதியிருக்கு?"

"ஆய்வுக் குறிப்பேட்டுல உத்தரவு மட்டும் இருக்கு சார். எடம் மாறின காரணம் எங்கயும் இல்ல."

"நீங்க எழுதினதுல?"

"அதிலயும் இல்ல சார்."

"அப்படி எழுதியிருந்தீங்கன்னா கூட ஏதாவது பேசிப் பாத்திருக்கலாம். இப்ப நீங்களே மனமுவந்து வழங்கினார்னு சொல்லிட்டீங்க." நோட்டீஸை மடித்துக் கொடுத்தார். "ஸ்ட்ரெங்த் எவ்ளோ?"

"ஏழு சார்."

"ஏழு பிள்ளைங்களுக்காக யாரும்மா கோர்ட்டுக்கு அலைவாங்க? பக்கத்துப் பள்ளியோட இணைச்சிடுவாங்க. நீங்க மனச விட்டுடாதீங்க, உங்களுக்கு வேற எடம் கெடச்சிடும்."

திரும்பும் வழியில் வீட்டுக்குப் போகாமல் நேரே ஊருக்குப் போய்ப் பெரிய வீட்டு வாசலில் நின்றேன். பேரன் வெளியே வந்தார். இந்த முறையும் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"பிள்ளைங்க படிக்கிற எடம் தம்பி."

"எத்தினி பிள்ளைங்க மேடம்? ரொம்பக் கம்மி ஆயிடுச்சே. நான் ஒண்ணும் புதுசா சொல்லலைங்க. நீங்க எழுதினததான் சொல்லியிருக்கேன்." பிறகு, "கதவ வேணும்னா கழட்டிட்டுப் போயி அந்தப் பள்ளியில மாட்டிக்கங்க" என்றார். உண்மையிலேயே உதவி செய்கிற குரலில்தான் அதைச் சொன்னார்.

சமையல் அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். பிள்ளைகள் குறைந்ததால் பள்ளியை மூடப் போகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தேன். நிலம் சம்பந்தமாக ஏதோ கேஸ் என்று ஊரில் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். என்னிடம் கேட்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு மதியம். சாப்பாடு முடிந்து பிள்ளைகள் வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பதிவேடுகளை ஒப்படைப்பதற்காக நான் அலுவல் அறையில் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். நோட்டீஸும் நகலும் மேசைமேல் கிடந்தன. தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வரும்போது நான்காம் வகுப்புப் பெண்ணின் குரல் கேட்டது.

அவளுக்கு எழுத்து என்று எதைப் பார்த்தாலும் படித்தாக வேண்டும். பருப்புப் பொட்டலம் சுற்றிய காகிதத்தைக்கூட விட மாட்டாள். நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன். மேசைமேல் இருந்த நகலை எடுத்துக்கொண்டு, கதவோரம் நின்றிருந்த தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நீளமான சொற்களை உடைத்து உடைத்துப் படித்தாள்.

"கல்வி... யின்பால்... கொண்ட... பற்றினால்... இவ்வூர்ப் பெரியவர்..."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். போதும் என்று சொல்லியிருக்கலாம். அவள் ஒரு சொல் விடாமல் படித்தாள். மனமுவந்து என்ற இடத்தில் தடுக்கி, திரும்பவும் முதலிலிருந்து அந்த வரியைப் படித்தாள். முதல் பக்கம் முடிந்ததும் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, அதையும் படித்தாள். கட்டடம், மேல்கூரை, குடிநீர்க் குழாய் எல்லாம் வந்தன. மண்டபம் வரவில்லை. கடைசியில் என் பதவியையும் படித்துவிட்டு, "அவ்ளோதாம்மா" என்றாள்.

சமையல் அம்மா என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்ததாகத்தான் எனக்கு நினைவிருக்கிறது. சில நொடிகளாகவும் இருக்கலாம்.

"பொண்ணு நல்லா படிக்குது டீச்சர்" என்றார்.

பிறகு சமையற்கூடத்துக்குப் போய் மீதிப் பாத்திரங்களைக் கழுவினார். அதற்குப் பிறகு ஏப்ரல் கடைசிவரை என்னோடு பேசினார், பேசவில்லை என்று சொல்ல முடியாது. அரிசி வந்தாச்சு டீச்சர், முட்டை ரெண்டு ஒடஞ்சிருக்குது டீச்சர். அவ்வளவுதான். ஒரு நாள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அம்மா, அன்னிக்கு நான்" என்று தொடங்கியதுமே, "பருப்பு அடி புடிக்குது" என்று எழுந்து போனார். அடுப்பை அப்போது பற்றவைக்கவே இல்லை.

பள்ளி மூடப்பட்டது. ஐந்தாம் வகுப்பு முடித்தவன் ஒருவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். மூன்று பிள்ளைகளை வேன் ஏற்றிக்கொண்டது. கிரிவலப் பாதையில் கடை போடும் குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு அடி அண்ணாமலைக்கே குடிபோய்விட்டது. மிஞ்சியவள் சமையல் அம்மாவின் மகள். இணைத்த பள்ளி புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. லாரி போகிற சாலையை ஒன்பது வயதுப் பெண் தனியாகக் கடக்க வேண்டும். அம்மாவுக்கோ எதிர்த்திசையில் வேறொரு பள்ளியில் வேலை போட்டிருந்தார்கள். அதனால் அவளைக் கொண்டுபோய் டவுனில் விடுதியில் சேர்த்தார். ஒருமுறை நான் விடுதிக்குப் போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தாள். படிக்கிறாயா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள். கதைப்புத்தகம் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். நன்றி மிஸ் என்று வாங்கி, பிரித்துப் பார்க்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அடுத்த தடவை போனபோது, காய்ச்சல் வந்து ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்றார்கள். இப்போது எங்கே படிக்கிறாள், படிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. ஊருக்குப் போய் விசாரிக்கலாம். சாலைமுனைவரை இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

கட்டடத்தை இடித்தது மழைக்காலத்துக்கு முன்பு. நான் பார்க்கப் போகவில்லை. புறவழிச்சாலையில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இடம் சமமாகி, வெள்ளைக் கல் நட்டு, மனை மனையாகப் பிரித்திருந்தார்கள். வேப்பமரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அடுத்த மாதம் அதுவும் இல்லை.

தொகுப்பு நூல் வெளிவந்தது. வேங்கிக்கால் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடத்தினார்கள். எழுதிக் கொடுத்த எல்லோரையும் அழைத்திருந்தார்கள். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பள்ளி இல்லாமல் போன செய்தி குழுவுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் எழுதிய இரண்டு பக்கமும் ஒரு சொல் மாறாமல் வந்திருந்தன. கட்டடத்தின் படமும் தலைப்பாகைப் பெரியவரின் படமும் பக்கத்தில் பக்கத்தில்.

பள்ளிகளுக்கு இடம் தந்தவர்களின் வாரிசுகளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பெரிய வீட்டுப் பேரனும் வந்திருந்தார். அவர் பெயரைச் சொன்னபோது சுற்றிலும் எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த ஆசிரியை, "உங்க ஊர்க்காரர்தானே மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நானும் தட்டினேன். தட்டாமல் உட்கார்ந்திருக்கிற தைரியம்கூட எனக்கு இல்லை. கீழே இறங்கி வரும்போது அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

மண்டபக் கதையைப் பிறகு தனியாக எழுதி, இதையும் சேர்க்க வேண்டும் என்று குழுவுக்கு அனுப்பினேன். அதற்குச் சான்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு ஒரு பதில் வந்தது. பதிவேடுகளை நான் முறையாகக் கட்டிக் கல்வி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். அவை எந்த அறையில் கிடக்கின்றன என்று கேட்டுப் போனேன். தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். இரண்டாம் தடவை கேட்டபோது, எந்தப் பள்ளி என்றார்கள்.

இப்போது டவுனில் ஒரு பள்ளியில் இருக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். போன மாதம் இடைவேளையில் ஒரு இளம் தலைமையாசிரியர் போனில் கூப்பிட்டார். குழு இரண்டாம் தொகுதி போடுகிறதாம், முதல் தொகுதியில் என் பக்கங்களைப் படித்தாராம், நடை நன்றாக இருந்ததாம். அவருடைய பள்ளி போளூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கிறது. அங்கும் பிள்ளைகள் குறைவு.

"எங்க ஸ்கூல் எடம் யாரு குடுத்ததுன்னு ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க மேடம். அத எப்படி எழுதறதுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

உண்மையை எழுதுங்கள் என்று சொல்லலாம். எந்த உண்மையை என்று அவர் கேட்டால்?

"தெரியலன்னு எழுதிடுங்க சார்" என்றேன்.

"வேற எதுவும் வேணாமா மேடம்?"

"வேணாம்."

அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். பிறகு சரிங்க மேடம் என்று சொல்லி வைத்துவிட்டார்.